பாட்டுக்கு அடியில் ஒரு குரல்

அக்டோபர் 14, திங்கள்

காலையில் தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டாரை நிறுத்துவது அவர் வேலை. அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் நான் அதை மறக்கிறேன்.

மாலையில் ஜெபமாலை சொல்ல டெல்பின் வந்தாள். அவருடைய தங்கை, அடுத்த தெருதான். வழக்கம்போல ஐந்தாவது பத்தில் கொட்டாவி விட்டாள். காபி கொடுத்தேன். டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

"மைனி, இமெல்டா போன் பண்ணுனா."

நான் சிலுவைக்கு முன்னால் எரிந்த மெழுகுவர்த்தியின் திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"அண்ணனுக்கு வருஷப் பூசை வருதுல்லா. அப்பா கொரல் எதுலயாச்சும் இருக்கா அத்தைன்னு கேக்கா. போட்டோ நெறைய வச்சிருக்காளாம். கொரலு மறந்துருமோன்னு பயமா இருக்காம்."

"உன்கிட்டக் கேட்டாளா, என்கிட்டக் கேக்கச் சொன்னாளா?"

"என்கிட்டதான் கேட்டா. ஆனா வெள்ளிவிழா வீடியோ உங்ககிட்டதான இருக்கு?"

விருப்பப் பாடல் நிகழ்ச்சி நடத்த நான் வானொலி நிலையம் இல்லை என்று சொன்னேன். ஆனால் எங்கள் கல்யாண வெள்ளிவிழா வீடியோவை யூடியூபில் ஏற்றும் எண்ணம் எனக்குச் சில காலமாகவே உண்டு. எங்கள் கோயில் பங்கு மக்களில் பாதிப்பேர் இன்று வெளிநாட்டில் இருக்கிறார்கள். பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். யாருக்கும் தனியாக அனுப்புவதாக இல்லை.

"அதுவும் நல்லதுதான் மைனி" என்று டெல்பின் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வாயில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

இமெல்டா கனடாவில் கோயிலில் நடக்காத ஒரு கல்யாணத்தைச் செய்துகொண்ட நாளிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை. அவர் பேசினார். மாடியில் செடிக்குத் தண்ணீர் விட்டு வருகிறேன் என்று பட்டன் போனை எடுத்துக்கொண்டு போவார். எங்கள் மாடியில் செடி கிடையாது.

அவர் அடக்கத்தின்போது, வரட்டுமா என்று டெல்பின் மூலம் கேட்டாள். தகப்பன் அடக்கத்துக்கு வரட்டுமா என்று கேட்கிறவளுக்கு என்ன பதில் சொல்வது? நான் பதில் சொல்லவில்லை. அவள் வரவில்லை.

அக்டோபர் 16, புதன்

வீடியோவை ஏற்றினேன். அவருடைய மடிக்கணினி மெதுவாகத்தான் ஓடுகிறது, நான் மெதுவானவள் இல்லை. தலைப்பு, விவரம், தேதி எல்லாம் ஆங்கிலத்திலும் தமிழிலும் பிழையில்லாமல் அடித்தேன்.

கோயில் மண்டபத்தில் எடுத்தது. நான் நீலப் பட்டில் இருக்கிறேன். இமெல்டா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வயது. அவர் மைக்கைப் பிடித்துப் பேசுகிறார். அந்தப் பேச்சு முழுக்க அடியில் ஒரு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைய விசேஷ வீடியோக்கள் எல்லாமே அப்படித்தான். யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

பல்லைத் துலக்கிவிட்டு வருவதற்குள் திரையில் ஒரு அறிவிப்பு. பாட்டை இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது. படத்தின் பெயர், பாடியவர்கள், உரிமை வைத்திருக்கும் கம்பெனி எல்லாம் வரிசையாக நிற்கின்றன. எதிர்வீட்டுக்காரர்களுக்கு என் பெயர் தெரிய இரண்டு வருடம் ஆனது. இதற்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்திருக்கிறது.

வீடியோ நம் ஊரில் ஓடும். சில நாடுகளில் மட்டும் தடை. பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். முழுவதையும் நான் படிக்கவில்லை. கனடா இருந்தது.

விளமீன் குழம்பு மீந்துவிட்டது. மீன்காரியிடம் பாதி போதும் என்று இனியாவது சொல்ல வேண்டும்.

அக்டோபர் 17, வியாழன்

மறுப்புத் தெரிவிக்க வழி இருக்கிறது. கப்பல் ஏஜென்சியில் ஸ்டெனோவாக முப்பது வருடம் இருந்து கேப்டன்களுக்கும் சுங்கத்துக்கும் கடிதம் அடித்தவளுக்கு இது பெரிய விஷயம் இல்லை.

இது ஒரு குடும்ப நிகழ்ச்சி, இதனால் யாருக்கும் லாபம் கிடையாது, பாட்டு எங்கள் நோக்கம் அல்ல, என் கணவரின் பேச்சே நோக்கம், பாட்டு எங்களுக்கு வேண்டவே வேண்டாம், அதை எடுத்துக்கொண்டு அவரைத் திருப்பித் தரவும் என்று எழுதினேன். கடைசி வாக்கியம் அலுவலகக் கடிதத்துக்கு ஏற்றதாக இல்லை. அதை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

அக்டோபர் 18, வெள்ளி

பதில் இல்லை. மழை.

அக்டோபர் 20, ஞாயிறு

இரண்டாம் பூசைக்குப் போனேன். புதிய உதவிப் பங்குத்தந்தைக்குப் பிரசங்கத்தை எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. மூன்று முறை முடித்தார்.

வெளியே குடையை விரிக்கும்போது டெல்பின் பிடித்துக்கொண்டாள்.

"மைனி, லிங்க் அனுப்பி வச்சேன். ஒங்க நாட்டுல இது ஓடாதுன்னு வருதாம். ஏன் மைனி இம்புட்டுப் பாடு? அந்த வீடியோ இருக்க பென் டிரைவ எங்கிட்டத் தாங்க. நான் வாட்ஸப்புல தட்டி விடுதேன். அஞ்சு நிமிசம்."

"உன்னை யார் லிங்க் அனுப்பச் சொன்னது?"

"யாரு பாத்தாலும் பாக்கட்டும்னு நீங்கதான சொன்னீய?"

"பாக்கட்டும். வாசல் வழியா வந்து பாக்கட்டும். கொல்லைப்பக்கமா யாரும் தூக்கிக் குடுக்க வேண்டாம்."

"வாசலத்தான் அவன் பூட்டி வச்சிருக்கானே!"

கோயில் வளாகத்தில் இவ்வளவு சத்தமாகப் பேசக் கூடாது என்று சொன்னேன். டெல்பின் தன் அண்ணனைப் போலவே சிரிக்கிறாள், தோளைக் குலுக்கி. அதைப் பார்க்காமல் குடைக்குள் வந்துவிட்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

கம்பெனி என் மறுப்பை ஏற்கவில்லை. உரிமை அவர்களுடையதே என்று உறுதிசெய்கிறார்களாம். பாட்டு அவர்களுடையதுதான். அதை நான் எப்போது மறுத்தேன்?

கேஸ் சிலிண்டர் வந்தது. உள்ளே தூக்கி வைக்க ஆள் மறுத்தான். நானே உருட்டினேன்.

அக்டோபர் 25, வெள்ளி

பாட்டை மட்டும் அழிக்கும் வசதி ஒன்று அங்கேயே இருக்கிறது. பேச்சு தங்கும், பாட்டு போகும், சில சமயம் சரியாக வராமலும் போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். முயன்று பார்த்தேன்.

பாட்டு போய்விட்டது. அவருடைய குரல் கிணற்றுக்குள் விழுந்தவர் பேசுவதுபோல் இருந்தது. "பிளாரன்ஸ்" என்று என் பெயரைச் சொல்கிற இடத்தில் "ரன்ஸ்" மட்டும் மிஞ்சியது. ஒருமுறை கேட்டேன். பிறகு கடைசி நாட்களில் ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து அவர் பேசியது நினைவுக்கு வந்ததால் அணைத்துவிட்டேன்.

இரவு ரொட்டியும் பாலும்.

அக்டோபர் 26, சனி

அந்த வீடியோவை எடுத்த பொன்லிங்கத்தைத் தேடிப் போனேன். அவருடைய ஸ்டூடியோ இப்போது பிளெக்ஸ் கடை. தீபாவளி வாழ்த்து பேனர்கள் தரையெல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றில் "நல்வாழ்த்துகள்" தவறாக இருந்தது. முதலில் அதைச் சொன்னேன்.

"வாங்க மேடம், வந்ததும் மார்க்கு போட்டாச்சா? ஒக்காருங்க. சார் அடக்கத்துக்கு வந்திருந்தேன், நீங்க கவனிச்சிருக்க மாட்டீய."

"என் கணவர் பேச்சுக்கு அடியில பாட்டு போட உங்களுக்கு யார் உத்தரவு கொடுத்தது?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், அந்தக் காலத்துல பாட்டு இல்லேன்னா அது வீடியோவே இல்ல. ஃபேன் சத்தமும், பந்தியில சோறு சோறுன்னு கத்துறதுந்தான் கேக்கும். சண்டைக்கு வருவாவ. ஆனா ஒங்களுக்கு மொதல்ல பேச்சுக்குப் பாட்டு போடாமத்தான் தந்தேன். நீங்கதான் திருப்பிக் கொண்டாந்தீய."

"நானா?"

"இந்தா, இதே எடத்துல நின்னீய. 'இவர் எதுக்கு இப்படியெல்லாம் பேசுறாரு, சபையே சிரிக்குது, மேல ஒரு பாட்டப் போட்டு அமுக்குங்க'ன்னீய. நாந்தான், மனுசன் ஆசையா பேசுதாரேன்னு பாட்டக் கொஞ்சம் கொறச்சு வச்சேன். நீங்க சொன்னபடி அமுக்கிருந்தா இன்னைக்கு ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

அவர் யாரையோ நினைத்துக்கொண்டு என்னைச் சொல்கிறார். ஒரே நாளில் மூன்று விசேஷம் எடுத்த மனிதர், குழப்பம் இயற்கை.

பாட்டு சேர்க்காத மூல டேப் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது மேலயே அடுத்த வாரம் ஒரு சடங்கு வீட்ட எடுத்துட்டேன் மேடம். நாங்க எல்லாருமே அப்படித்தான் செஞ்சோம். ஒங்க வெள்ளிவிழா மேல சடங்கு, சடங்கு மேல ஒரு கடை தெறப்பு. டேப்பு தேயுற வரைக்கும்."

"இப்ப இருக்கிறதுலேருந்து பாட்டை மட்டும் உருவ முடியாதா?"

"சாம்பாரக் கொதிக்க வச்சு எறக்கியாச்சு. இப்ப வந்து புளிய மட்டும் எடுத்துக் குடுங்கிய." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஒண்ணு செய்யலாம். சத்தத்த மொத்தமா அமத்திருங்க. சார் பேசுனத நீங்க பேசி, அது மேல ஏத்துங்க. ஒங்க கொரலுக்கு எந்தக் கம்பெனியும் சொந்தம் கொண்டாட முடியாதுல்லா?"

"கேக்கணும்னு சொன்னது அவரோட குரல்" என்றேன்.

"கேட்டது யாரு மேடம்?"

பங்கு மக்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 28, திங்கள்

அவருடைய பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்தேன். பென்சில் பிடித்துப் பல வருடம் ஆகிறது, கை மறக்கவில்லை. பாட்டு உரக்கப் போகும் இடங்களில் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். எழுதியதை இங்கே பெயர்த்து வைக்கிறேன்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச வராது. இருவத்தஞ்சு வருசமா வீட்டுல சந்தர்ப்பமும் கெடைக்கல. (சிரிப்பு.) பிளாரன்ஸ் இல்லேன்னா என் சட்டையில பட்டன் இருக்காது. நான் எழுதுற கடுதாசியில புள்ளி, கமா இருக்காது. அவ கண்டிப்பானவ. ஒங்க எல்லாருக்கும் தெரியும். அந்தக் கண்டிப்புக்கு உள்ள என்ன இருக்குன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும், நான் சொல்ல மாட்டேன். (சிரிப்பு, கைதட்டல்.) இமெல்டா, இங்க வாம்மா. இது எங்க ஒத்தப் புள்ள. அம்மா மூக்கு, அம்மா பிடிவாதம். எங்கிட்டேருந்து எடுத்துக்கிட்டது பசி மட்டுந்தான். எல்லாரும் இருந்து சாப்புட்டுட்டுப் போகணும்."

அதன்பிறகு மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, இமெல்டாவின் காதில் குனிந்து ஏதோ சொல்கிறார். அவள் சிரித்துக்கொண்டே ஓடுகிறாள். என்ன சொன்னார் என்று வீடியோவில் கேட்காது. அன்றும் எனக்குக் கேட்கவில்லை. அந்த இடத்தில் "கேட்கவில்லை" என்று குறித்தேன். ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாக நான் ஒருநாளும் அடித்தது கிடையாது. மேலதிகாரிகள் வற்புறுத்தியபோதும் கிடையாது.

இதில் சபை சிரித்ததற்கு நான் ஏன் சங்கடப்பட்டிருக்க வேண்டும்? நல்ல பேச்சுதான். பொன்லிங்கத்துக்கு நிச்சயமாக ஆள் மாறிவிட்டது.

அக்டோபர் 30, புதன்

இன்று பதிவு செய்யலாம் என்று போனை மேஜையில் வைத்து உட்கார்ந்தேன். "எல்லாருக்கும் வணக்கம்" என்றதும் எதிர்வீட்டில் ஆயிரம் வாலா வெடித்தது. அது ஓய்ந்ததும் மறுபடி "எல்லாருக்கும்". மறுபடி வெடி. நாளை தீபாவளி, அதுவரை பேசிப் பயனில்லை.

எதிர்வீட்டம்மா அதிரசம் கொடுத்தாள். தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாதென்று வாழைப்பழம் வைத்துக் கொடுத்தேன். "தனியாவா இருக்கீங்க, பிள்ளைங்க வரலையா?" என்றாள். மழை தூறுகிறது, கொடியில் துணி இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன். கொடியில் ஒரு துண்டு மட்டும் கிடந்தது.

நவம்பர் 1, வெள்ளி. சகல பரிசுத்தவான்கள் திருநாள்

காலைப் பூசை முடிந்து வந்தேன். ஊர் வெடித்துக் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. படுக்கையறைச் சன்னல்களைச் சாத்தினேன். மின்விசிறியையும் நிறுத்தினேன். மடிக்கணினியில் படம் ஓட ஓட, அவர் வாயசைவுக்குப் பொருத்தமாகப் பேசினேன்.

முதலில் பேசியது ரயில்வே அறிவிப்பு மாதிரி இருந்தது. அழித்தேன். அடுத்ததும் அப்படியே. அவர் சொற்களை என் உச்சரிப்பில் திருத்திச் சொல்கிறேன் என்று தெரிந்தது. "கெடைக்கல" என்பதைக் "கிடைக்கவில்லை" ஆக்கியிருந்தேன். பிறகு அவர் சொன்னபடியே "கெடைக்கல" என்றேன். அதன்பின் வேகம் தானாக வந்தது. அவர் எங்கே மூச்சு விடுவார் என்பது எனக்குத் தெரியும்.

"அந்தக் கண்டிப்புக்கு உள்ள என்ன இருக்குன்னு" என்ற வரியில் நிறுத்த வேண்டியதாயிற்று. சன்னல் சாத்தியதால் புழுக்கம். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

கடைசியில் அவர் காதில் குனிகிற இடம் மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. படம் ஓடும்போது ஒலி இல்லாவிட்டால் பார்க்கிறவர்கள் தங்கள் கருவி கெட்டுவிட்டது என்று எண்ணக்கூடும். ஆகவே சூழ்நிலைக்குப் பொருத்தமாக ஒரு வரி சேர்த்துப் பேசினேன். முழுமைக்காக.

அதை மட்டும் ஒரே முறையில் சரியாகச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 2, சனி. ஆத்துமாக்கள் திருநாள்

கல்லறைத் தோட்டத்தில் சேறு. டெல்பின் செங்கல் தேடிக் கொண்டுவந்து நான் நிற்க இடம் செய்தாள். அவர் கல்லறையில் மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை. இருவரும் மாறி மாறிக் கை மறைத்துக்கொண்டிருந்தோம். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்க வந்த பங்குத்தந்தை, "ரெண்டு பேர்தானா?" என்றார். ரெண்டு பேர்தான் என்றேன்.

வீட்டுக்கு வந்து புதிய வீடியோவை ஏற்றினேன். சோதனை ஓடிக்கொண்டிருந்தபோது பாத்திரம் துலக்கவும் போகவில்லை; எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிரச்சினை ஏதும் இல்லை என்று வந்தது. எந்த நாட்டிலும் தடை இல்லை.

டெல்பினுக்குப் போன் செய்து, வீடியோ இப்போது சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"யாருக்காச்சும் அனுப்பணுமா மைனி?"

"உன் இஷ்டம்."

"மைனி, ஒங்க இஷ்டம் என்னன்னு ஒரு தடவ சொன்னாத்தான் என்னவாம்?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

நவம்பர் 4, திங்கள்

ஒன்றும் இல்லை. மாலையில் டெல்பின் வந்தாள். அனுப்பிவிட்டதாகச் சொன்னாள்; நான் கேட்கவில்லை. இமெல்டா பார்த்ததற்கு அடையாளம் இருக்கிறதாம், பதில்தான் இல்லையாம். அப்பா குரலைக் கேட்டவளுக்கு அம்மா குரல் போயிருக்கிறது. ஏமாற்றமாகத்தான் இருக்கும். முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம் என்று இருக்கிறாள் போலும். அந்த மரியாதை நான் கற்றுக்கொடுத்ததுதான்.

சனிக்கிழமை வருஷப் பூசைக்குப் பூ சொல்ல வேண்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

காலை இட்லிக்கு மாவை ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நீளமான எண்.

"அம்மா."

யார் பேசுவது என்று கேட்டேன். தெரியாமல் இல்லை. போனில் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும்.

"இமெல்டா பேசுறேன்." அங்கே ராத்திரி போலிருக்கிறது, குரல் தாழ்ந்திருந்தது. "வீடியோ பாத்தேம்மா."

"தெளிவா இருந்துச்சா?"

"இருந்துச்சு. நேத்துலேருந்து திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"ஒரு தடவை பாத்தாப் போதுமே. அப்பா குரல் பாட்டோட மாட்டிக்கிச்சு. அதை எடுக்க முடியல. அதனாலதான்."

"பரவால்லம்மா." தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். இணைப்பு இருந்தது. "அம்மா, கடைசில அப்பா குனிஞ்சு என் காதுல சொல்லுவாங்கல்ல, அந்த எடம்..."

"ஆமா."

"அதுல, 'யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காத, இது உன் வீடு, வா'ன்னு வருது."

"ஆமா."

"அப்பா அதச் சொல்லலையேம்மா. பிரியாணி தீரப்போவுது, ஓடிப்போயி எனக்கு ஒரு தட்டு ஒளிச்சு வைன்னுதான் சொன்னாங்க."

அன்றைக்கு அவர் தட்டில் மட்டும் இரண்டு மடங்கு இருந்ததை நான் பார்த்தேன். பரிமாறுகிறவனைத்தான் திட்டினேன்.

"அப்ப அதச் சொன்னது யாரும்மா?" என்றாள்.

மாவுக் கரண்டி கையிலேயே இருந்தது. கீழே வைத்தேன்.

"வீடியோல யார் குரல் கேக்குது?" என்றேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது, ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. சளி பிடித்திருக்கிறதா என்று விசாரித்தேன்.

"ஆமாம்மா. இங்க குளிரு."

"அப்ப குளிர் இல்லாத எடத்துக்கு வர்றதுதானே?" என்றேன்.